நிழலுக்கென்றே பிறந்த செடிகள்



உங்கள் வீட்டைச் சுற்றி வெயில் எட்டிப் பார்க்காத ஓரிடம் கட்டாயம் இருக்கும். லயத்து வீடானால் குளியலறைச் சுவருக்கும் வேலிக்கும் நடுவில் இருக்கும். தாமான் வீடானால் பின்பக்கத்துக் குறுகிய சந்தில் இருக்கும். கொஞ்சம் நிலம் வாய்த்தவர்களுக்கு ரம்புத்தான் மரத்தடியில் இருக்கும். அங்கே துளசி வைத்தால் நெட்டையாக வளர்ந்து சாய்ந்துவிடும். மல்லிகை வைத்தால் இலை மட்டும் விடும், மொட்டு விடாது. கறிவேப்பிலைக் கன்று ஓராண்டு கழிந்தும் முழங்கால் உயரத்தைத் தாண்டாது. கடைசியில் உடைந்த நாற்காலியும் பழைய தகரமும் அங்கே போய்ச் சேரும். "அந்த இடத்துக்கு ராசி இல்லை" என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

ராசியின் மேல் பழி போடாதீர்கள். நாம் வைக்கும் செடிகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். துளசி, கறிவேப்பிலை, முருங்கை, மல்லிகை, செவ்வந்தி ஆகிய எல்லாமே வெயில் குடிக்கும் செடிகள். நம் பாட்டன் பாட்டி காலத்திலிருந்து நாம் ஆசையோடு பேணி வருபவை இவைதாம். ஆனால், நாம் குடியிருக்கும் இந்த நாடு இயல்பிலேயே காட்டு நாடு. இன்று ரப்பரும் செம்பனையும் நிற்கும் நிலமெல்லாம் ஒரு காலத்தில் வானம் தெரியாத காடு. அதை அழித்துத் தோட்டம் போட்ட கைகளில் நம்மவர் கைகளும் உண்டு. அந்தக் காட்டின் அடித்தரையில் வளர்ந்த சிறு செடிகளுக்கு நிழல்தான் வீடு. நம் வீட்டுத் துளசிக்கு ஆகாத இடம், இந்த மண்ணின் செடிக்குத் தோதான இடம். இந்த மாதம் அவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

காட்டு நிழலில் பூக்கும் சிறு பூ என்றால், குளிர் நாட்டார் வயலெட் என்னும் ஊதாப் பூவைத்தான் முதலில் சொல்வார்கள். நாட்காட்டிப் படங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே குளிர்காலத்தில் மரங்கள் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். குளிர் விலகி, மரங்கள் மறுபடி இலை கட்டுவதற்கு முன்னால் கொஞ்ச நாளைக்குத் தரையில் வெயில் விழும். அந்த இடைவெளியில் காட்டு வயலெட் அவசரமாகப் பூத்து முடித்துக்கொள்ளும். இது நமக்குப் புதிய செய்தி அல்ல. ஆண்டின் தொடக்க மாதங்களில் பால்மரம் இலையுதிர்க்கும்போது, எந்நேரமும் இருண்டு கிடந்த நிரையெல்லாம் சில வாரங்களுக்குப் பளிச்சென்று ஆகிவிடுகிறதல்லவா? அதே கதைதான்.

நம் காடோ அப்படி ஒரே நேரத்தில் இலையுதிர்ப்பதில்லை. ஆண்டு முழுவதும் கூரை போட்டது போலவே இருக்கும். மேலே அடிக்கும் வெயிலில் 100 பங்குக்கு ஒன்றோ இரண்டோதான் தரைக்கு வந்து சேரும். அந்த ஒன்றிரண்டு பங்கை வைத்துக்கொண்டே குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டவை நம் காட்டுச் செடிகள். குளிர்நாட்டு வயலெட்டை நம் தாழ்நிலத்துச் சூட்டில் வைத்து வதைப்பதைவிட, இவற்றை வைப்பது எவ்வளவோ மேல்.

முதலில் ஒரு நீலச் செடியைச் சொல்லிவிடுகிறேன். ஓடைக்கரையிலும், காட்டை ஒட்டிய ஒற்றையடிப் பாதையிலும், நிழலான மண்மேட்டிலும் பெரணி மாதிரி இலையோடு படர்ந்து கிடக்கும். ஒரு பக்கமிருந்து பார்த்தால் பச்சையாகத் தெரியும். நாலடி நகர்ந்து பார்த்தால் மயில் கழுத்து போல நீலமாக மின்னும். செலாஜினெல்லா என்பது அதன் தாவரவியல் பெயர். பார்வைக்குப் பெரணி போல இருந்தாலும் உண்மையில் அது வேறு குலம். தாவரவியலார் அதைப் பெரணியின் தூரத்து உறவாகக் கருதுகிறார்கள். மயில் பெரணி என்று நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம்.

அந்த இலையைப் பிடுங்கிக் கசக்கினால் கையில் நீலச் சாறு ஒட்டாது, ஏனென்றால் உள்ளே நீலச் சாயமே கிடையாது. இலையின் மேல்தோலில் உள்ள மிக மெல்லிய படலத்தில் ஒளி பட்டுத் திரும்பும்போது நீலமாகத் தெரிகிறது. தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்த் துளி வர்ணம் காட்டுவது போலத்தான் இதுவும். இலையை நனைத்துப் பாருங்கள், நீலம் மறைந்து பச்சை மட்டும் நிற்கும். காய்ந்தால் நீலம் திரும்பி வரும். பிள்ளைகளுக்குச் செய்து காட்ட நல்ல வேடிக்கை. 1970களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் லீ என்ற தாவரவியலார் இந்த நீல இலைகளை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வெளியூரார் வந்து வியந்து எழுதிய செடியை நாம் மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறோம்!

இதை வளர்ப்பது மிகச் சுலபம். வேர் விட்ட கிளைத் துண்டு ஒன்றை, விரல் நீளம் இருந்தால் போதும், ஈர மண்ணில் படுக்க வைத்து லேசாக மண் தூவுங்கள். நேர் வெயில் கூடவே கூடாது. வெயில் பட்டால் நீலம் போய் வெறும் பச்சையாகிவிடும். இதிலே ஒரு வசதியும் இருக்கிறது. உங்கள் வீட்டு மூலையில் போதிய நிழல் இருக்கிறதா என்பதை இந்தச் செடியே சொல்லிவிடும்.

இன்னொரு நீல இலை, பிகோனியாச் சாதியில் உண்டு. கேமரன் மலைப் பகுதிக் காடுகளில் வளரும் மயில் பிகோனியா அது. 1909இல் அதற்குத் தாவரவியல் பெயர் சூட்டியவர் ஹென்றி ரிட்லி. இவர் யார் தெரியுமா? சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவராக 1888 முதல் 1911 வரை இருந்து, மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டு சொன்னவர். ரப்பர் விதையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பார்க்கும் தோட்டக்காரரிடமெல்லாம் "இதை நடுங்கள்" என்று வற்புறுத்தியதால், "பைத்தியக்கார ரிட்லி" என்ற பட்டப் பெயரும் அவருக்கு வந்தது. நம் குடும்பங்களின் தலையெழுத்தையே மாற்றிய பால்வெட்டுக் கத்திக்கும், காட்டில் ஒளிந்திருந்த இந்த நீல இலைக்கும் ஒரே மனிதர் வழியாகத் தொடர்பு இருப்பதை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

மயில் பிகோனியாவின் நீலத்துக்குக் காரணம் வேறு. 2016இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு அதை விளக்கியது. இலைக்குள் உணவு தயாரிக்கும் பச்சையத் துகள்கள் சீராக அடுக்கிய தகடுகள் போல அமைந்திருக்கின்றன. அந்த அடுக்கு நீல ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, மங்கலான இடத்தில் மிஞ்சிக் கிடைக்கும் பச்சை ஒளியை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. இதனால் குறைந்த வெளிச்சத்தில் 5 முதல் 10 விழுக்காடு வரை கூடுதலாக உணவு தயாரிக்க முடிகிறதாம். அரை வயிற்றுக் கஞ்சியில் குடும்பத்தை ஓட்டிய நம் பாட்டிமார்களின் சாமர்த்தியம் இந்த இலைக்கும் இருக்கிறது.

ஆனால், மயில் பிகோனியா மலைக் குளிருக்குப் பழகியது. கிள்ளான் பக்கத்திலோ சித்தியவான் பக்கத்திலோ தரைமட்டச் சூட்டில் அதை வைத்துக் காப்பாற்றுவது கடினம். நமக்கு நர்சரிகளில் கிடைக்கும் சாதாரண பிகோனியாக்களே போதும். சுங்கை பூலோ பக்கம் சாலையோரத்தில் வரிசையாக இருக்கும் செடிக்கடைகளில் விதவிதமாக விற்கிறார்கள். பிகோனியாவை அடையாளம் காண ஒரு வழி சொல்கிறேன். இலையின் நடு நரம்புக்கு ஒரு பக்கம் பெரிதாகவும் மறு பக்கம் சிறிதாகவும் இருக்கும். இலையைக் கோணலாக வெட்டியது போலத் தோன்றும். ஒரே செடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாகப் பூக்கும். பூவின் பின்னால் இறக்கை வைத்த காய் போன்ற பகுதி தெரிந்தால் அது பெண் பூ.

பிகோனியாவை ஓர் இலையிலிருந்தே பெருக்கலாம். முற்றிய, ஆனால் பழுக்காத இலையைக் காம்போடு எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்துத் தடித்த நரம்புகளை நாலைந்து இடத்தில் பிளேடால் கீறி, ஈர மணலின் மேல் நரம்பு மண்ணில் படும்படி படுக்க வைத்து, இரண்டு சிறு கல்லை மேலே வையுங்கள். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தையோ, வெட்டிய பிளாஸ்டிக் போத்தலையோ மேலே கவிழ்த்து நிழலில் வைத்துவிடுங்கள். சில வாரங்களில் கீறிய இடங்களில் குட்டிச் செடிகள் தலை காட்டும். பொறுமை வேண்டும். இரண்டு நாளைக்கு ஒரு தரம் எடுத்து எடுத்துப் பார்த்தால் எந்தச் செடியும் வேர் பிடிக்காது.

இனி மண்ணுக்கு வருவோம். காட்டுத் தரையில் நடந்தவர்களுக்குத் தெரியும், கால் புதையும்படி மெத்தென்று இருக்கும். உதிர்ந்த இலை மக்கி மக்கிச் சேர்ந்த அந்த மெத்தைதான் காட்டுச் செடிக்கு உணவு. மழை பெய்தால் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் சேறாகாது. நம் வீட்டுப் பின்புறமோ சிமெண்டுத் துண்டும் செம்மண்ணும் சேர்ந்து இறுகிப் போயிருக்கும். அங்கே அப்படியே குழி தோண்டிச் செடியை நட்டால், மழைக்காலத்தில் குழி தொட்டியாகிவிடும், வேர் அழுகிவிடும்.

ஆகையால் குழி தோண்டாதீர்கள். தரையின் மேலேயே மெத்தை போடுங்கள். காய்ந்த இலை, துண்டு துண்டாக நறுக்கிய தேங்காய் மட்டை, கொஞ்சம் கரித்தூள், ஆற்று மணல் எல்லாம் கலந்து ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, ஒரு மாதம் மழையில் ஊற விடுங்கள். ரப்பர்த் தோட்டத்தில் இருப்பவர்களுக்குப் பால்மர இலைச்சருகு அள்ள அள்ளக் கிடைக்கும், நன்றாக மக்கும். மரத்தடியில் பரப்பினால் அடிமரத்தைச் சுற்றி ஒரு முழம் விட்டே பரப்புங்கள். பட்டையோடு ஒட்டி ஈரக் குப்பையைக் குவித்தால் பட்டை அழுகும், ரம்புத்தான் மரத்துக்கே கேடு. அப்புறம், உரம் போடும் கை நமக்குக் கொஞ்சம் நீளம். நிழல் செடி மெதுவாக வளர்வது, மெதுவாகவே சாப்பிடுவது. அதன் காலடியில் யூரியாவைக் கொட்டினால் இலை கருகிவிடும். மக்கிய சருகே போதும். துணி துவைத்த சவுக்காரத் தண்ணீரும் ஆகாது.

இப்படி மெத்தை போட்ட இடத்தில் முதலில் வைக்க வேண்டியது காடோக். மலாய்க்காரப் பக்கத்து வீட்டு அம்மாவைக் கேட்டால் உடனே காட்டித் தருவார். வெற்றிலையும் மிளகும் சேர்ந்த குடும்பம் இது. இலை வெற்றிலை போலவே நெஞ்சு வடிவில், பளபளவென்று இருக்கும். ஆனால், வெற்றிலை கொழுகொம்பு பிடித்து ஏறும், காடோக் தரையோடு படர்ந்து முழங்கால் உயரத்துக்குள் அடங்கிவிடும். வெற்றிலையின் காரமும் இதில் இல்லை. இடையிடையே குட்டையான வெள்ளைக் கதிர்கள் நிமிர்ந்து நிற்கும், அவைதாம் அதன் பூ. மூன்று கணு உள்ள துண்டை வெட்டி, இரண்டு கணுவை மண்ணுக்குள் வைத்தால் போதும், பிடித்துக்கொள்ளும். ஒரு மழைக்காலத்தில் வெறுந்தரை பச்சையாகிவிடும். இளம் இலையை நறுக்கிச் சோற்றில் கலந்து நாசி உலாம் செய்கிறார்கள், மீன் வைத்து மடித்து அவிக்கிறார்கள். நம் வீட்டில் கீரை போலத் துவட்டிப் பாருங்கள், தேங்காய்ப்பூ கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள். முதல் தடவை மட்டும் செடி தெரிந்தவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு பறியுங்கள்.

அடுத்தது செக்கூர். நாட்டு மருந்துக் கடையில் கச்சோலம் என்று காய்ந்த கிழங்கு விற்பார்களே, அதே செடி. இது காட்டிலிருந்து நேரே வந்ததைவிட, தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு வீடு கைமாறி வந்தது என்று சொல்வதே பொருத்தம். இஞ்சிக் குடும்பம் என்றாலும் இஞ்சி போல நெடுநெடுவென்று நிற்காது. அகன்ற இரண்டு மூன்று இலைகள் தரையோடு தட்டையாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். நடுவிலிருந்து வெள்ளைப் பூ வரும், அதன் இதழில் ஊதாப் பொட்டு இட்டது போல இருக்கும். வயலெட் இல்லையே என்று ஏங்குகிறவர்களுக்கு இதைத்தான் கைகாட்டுவேன். காலையில் விரியும், பிற்பகலுக்குள் வாடிவிடும். பிரட்டுக்கு விடியுமுன் கிளம்பிப் போய் மதியம் கழித்துத் திரும்புகிறவர்களுக்கு இந்தப் பூவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைதான் வாய்க்கும்! கிழங்கில் ஒரு முளையை உடைத்து இரண்டு அங்குல ஆழத்தில் வைத்தால் போதும். கெடா, பெர்லிஸ் போன்ற வடக்கு மாநிலங்களில் வறட்சி நீண்டால் இலை மடிந்து மறைந்துவிடக்கூடும். செத்துவிட்டது என்று தோண்டி எறியாதீர்கள், மழை விழுந்ததும் கிழங்கு மறுபடி தளிர்க்கும்.

இடம் அதிகமுள்ளவர்கள் புங்கா காந்தான் வைக்கலாம். லக்சாவில் நறுக்கிப் போடும் இளஞ்சிவப்பு மொட்டு அது. ஆனால், ஆள் உயரத்துக்கும் மேலே இரண்டு மூன்று மடங்கு போகும், குறுகிய சந்துக்கு ஆகாது.

பெரணிகளைத் தேடி அலையவே வேண்டாம். செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்கள் தினமும் பார்ப்பதுதான். வயதான மரத்தின் மட்டை இடுக்கெல்லாம் பெரணி மண்டிக் கிடக்கும். அதிலே பெரிய கூடை போல, நீண்ட இலைகளை வட்டமாக விரித்து உட்கார்ந்திருப்பதை மலாய்க்காரர் பாகு லாங்சுயார் என்பர். லாங்சுயார் என்பது பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் ஆவியாம். அந்தப் பெரணியில் தங்கும் என்று பழைய நம்பிக்கை. நம் வீட்டுப் பெரியவர்கள் புளியமரத்தைச் சொன்னது போல இது அவர்கள் கதை! செடி என்னவோ சாது. அந்தக் கூடைக்குள் விழும் சருகையே மக்க வைத்துத் தின்று வளரும். தொட்டியில் மண்ணே போடாமல், தேங்காய் மட்டைத் துண்டுகளை மட்டும் நிரப்பி வைத்தாலும் வளரும். சுவர் நிழலுக்கு இதைவிட அழகான செடி கிடையாது. தோட்டத்தில் மட்டை வெட்டும்போது கீழே விழும் செடிகள் உண்டு. நிர்வாகத்திடமோ கங்காணியிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. செம்பனை மரங்களைச் சுற்றி வட்டமாகவும் நிரைகளிலும் புல்லுக்கு மருந்தடிப்பார்கள். அந்த வேலையைச் செய்கிறவர்களில் பலர் நம் பெண்கள்தான். அந்த இடத்தில் முளைத்த வல்லாரையையும், கீரைக்குப் பறிக்கும் பெரணிக் கொழுந்தையும், காடோக் இலையையும் பறித்துச் சமைக்காதீர்கள். மருந்தடித்த இடத்துச் சருகை அள்ளி வந்து வீட்டுச் செடிக்கும் போடாதீர்கள். பாராகுவாட் என்ற கொடிய மருந்து 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது உண்மைதான். ஆனால், மற்ற களை மருந்துகள் புழக்கத்தில் இருக்கின்றன. அதேபோல் காலி மருந்து டின். நல்ல கனமான டின்னாக இருக்கிறதே என்று கழுவிவிட்டுப் பூந்தொட்டியாகவோ தண்ணீர் ஏந்தவோ வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எத்தனை தரம் கழுவினாலும் அதை வீட்டுக்குள் கொண்டு வரக் கூடாது. பிள்ளைகள் புழங்கும் இடம். பழைய பிஸ்கட் டின்னும் மைலோ டின்னும் இருக்கவே இருக்கின்றன, அடியில் ஆணியால் ஐந்தாறு ஓட்டை போட்டால் தொட்டி தயார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, "காடு பக்கத்தில்தானே இருக்கிறது, போய் நாலு செடி பிடுங்கி வந்தால் ஆயிற்று" என்று யாராவது கிளம்பிவிடுவீர்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. வேண்டாம். நிரந்தர வனமாக ஒதுக்கப்பட்ட காடுகளிலிருந்து அனுமதியில்லாமல் செடி கொடி எடுப்பது 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். காட்டிலிருந்து வேரோடு பிடுங்கிய செடி பெரும்பாலும் பிழைப்பதில்லை. அதன் வேர் பழகிய ஈரமும் இருளும் வேறு. உங்களுக்கும் பயனில்லை, காட்டுக்கும் நட்டம்.

பத்துமலையில் தைப்பூசத்துக்கு 272 படி ஏறுகிறோமே, அந்தச் சுண்ணாம்புக் குன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். தீபகற்ப மலேசியாவின் நிலப்பரப்பில் சுண்ணாம்புக் குன்றுகள் சேர்ந்தாற்போல ஒரு விழுக்காடுகூட இல்லை. ஆனால், அவற்றில் 1,200க்கும் மேற்பட்ட செடி வகைகள் கணக்கிடப்பட்டிருக்கின்றன. இவற்றில் ஒன்றிரண்டு குன்றைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவையும் உண்டு. குகை வாசல்களின் ஈர நிழலில் ஒற்றை இலைச் செடி என்று ஒன்று வளரும். முளைக்கும்போது இரண்டு விதையிலை விடும். பிறகு அதில் ஒன்று மட்டும் வளர்ந்து வளர்ந்து பெரிதாகும். ஆயுள் முழுவதும் அந்த ஓரிலைதான், வேறு இலையே விடாது. பூவும் அந்த இலையின் அடியிலிருந்தே வரும். அதைப் பிடுங்கி வந்து வீட்டில் வைத்தால் நாலு நாளில் வாடிப் போகும். குகைப் பக்கம் போகும்போது பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அத்தோடு விட்டுவிடுங்கள்.

இந்த ஒற்றை இலைச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், கடைகளில் சிறு தொட்டியில் வைத்து விற்கும் ஆப்பிரிக்க வயலெட். பெயர்தான் வயலெட், உண்மையான வயலெட்டுக்கும் அதற்கும் உறவே கிடையாது. இன்றைய தான்சானியாவில் உள்ள உசம்பாரா மலைக்காட்டில் 1892இல் ஒரு ஜெர்மானிய அதிகாரி அதைக் கண்டு தம் தகப்பனாருக்கு அனுப்பி வைத்தார். அங்கிருந்து உலகமெங்கும் சன்னல் ஓரங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. தொட்டிகளில் கோடிக்கணக்கில் பெருகியிருக்கும் அந்தச் செடியின் காட்டு இனங்கள் பல, காடு அழிவதால் இன்று சொந்த மண்ணிலேயே அழியும் நிலையில் இருக்கின்றன. நிழல் போனால் அங்கே அவற்றுக்குப் போக்கிடம் இல்லை.

நிழலை மறுபடி உண்டாக்க முடியாதா என்றால், முடியும். கெப்போங்கில் உள்ள காட்டு ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போயிருக்கிறீர்களா? உள்ளே நுழைந்தால் ஆதிகாலத்துக் காடு என்றே நினைப்பீர்கள். அதெல்லாம் 1920களில் தொடங்கி மனிதர் நட்டு வளர்த்த மரங்கள். அதற்கு முன் அந்த நிலம் ஈயம் தோண்டிய பள்ளமும் காய்கறிக் கொல்லையுமாக இருந்தது. நூறு வருடத்தில் தலைக்கு மேல் கூரை கட்டிக்கொண்டுவிட்டது. 2025இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. குடும்பத்தோடு ஒரு நாள் போய்ப் பாருங்கள். மரத்தடியில் என்னென்ன செடி எந்த அளவு வெளிச்சத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள், அந்த ஒரு நாள் பாடம் போதும்.

காட்டுத் தரைச் செடிகளில் கச்சிப் பாத்திமாவையும் சிலர் கேட்பார்கள். பெண்களுக்கான மருந்து என்று பெயர் பெற்றதால் காட்டிலிருந்து ஏராளமாகப் பிடுங்கப்பட்ட சிறு செடி அது. நர்சரிக் கன்று கிடைத்தால் அழகுக்காக வளர்க்கலாம். ஆனால், கர்ப்பிணிகள் எந்தக் காரணத்துக்காகவும் அதை அவித்துக் குடிக்க வேண்டாம். மற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கடைசியாகத் தண்ணீர் விஷயம். நிழல் செடிக்கு ஈரம் வேண்டும் என்று தொட்டியின் அடியில் தட்டு வைத்துத் தண்ணீரைத் தேக்குவது பலருக்கு வழக்கம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து ஒரு வாரம் பத்து நாளுக்குள் பறந்துவிடும். டிங்கியை நாமே வளர்த்த கதையாகும். தட்டே வேண்டாம், வைத்தே தீர வேண்டுமென்றால் அதில் மணலை நிரப்பிவிடுங்கள். நத்தைகள் இரவில் வரும். டார்ச்சு விளக்கை எடுத்துக்கொண்டு எட்டு மணிக்கு மேல் ஒரு சுற்றுப் போனால் பாதியைப் பிடித்துவிடலாம். வெறுங்கையால் தொடாதீர்கள், பெரிய ஆப்பிரிக்க நத்தைகளில் மூளையைப் பாதிக்கும் புழு இருக்கக்கூடும். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பொறுக்குங்கள். செடியைச் சுற்றி உப்புத் தூவினால் நத்தையோடு செடியும் போய்விடும்.

காடோக் துண்டையோ மயில் பெரணியையோ தங்கச்சி வீட்டுக்கு, சம்பந்தி வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள், வேர்ப் பக்கத்தை நனைத்த நாளிதழில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை லேசாகக் கட்டிக்கொள்ளுங்கள். ஜொகூரிலிருந்து பினாங்கு வரை பேருந்தில் போனாலும் வாடாது. பையைச் சன்னல் பக்கம் வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.